பலகை இறங்கியது, போனில் ஏறியது

ஸ்ரீரங்கத்தில் ஒருநாள் தங்க வீடு தேடிப் பாருங்கள். லாட்ஜ் வேண்டாம், வீடே வேண்டும் என்று தேடுங்கள். கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடை, ஏசி உண்டு, வைஃபை உண்டு, காவேரிக் குளியலுக்கு ஆட்டோ சொல்லித் தருவார்கள். படங்கள் அழகாக இருக்கும். திண்ணை, தூண், முற்றம், வாசலில் மாக்கோலம். கீழே கடைசி வரியில் சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும்: 'ஒன்லி வெஜிடேரியன்ஸ்.' சிலர் இன்னும் கொஞ்சம் தைரியமாக 'ஆச்சாரமான குடும்பங்களுக்கு மட்டும்' என்று எழுதுகிறார்கள். 'அக்ரஹாரச் சூழல்' என்பதை ஒரு வசதியாகவே பட்டியலில் சேர்க்கிறவர்களும் உண்டு, வெந்நீருக்கும் கார் நிறுத்த இடத்துக்கும் நடுவில்.

இந்த வியாபாரம் ஸ்ரீரங்கத்தோடு நிற்கவில்லை. துறையூர் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் திருவெள்ளறை. பாறைமேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம், பக்கத்தில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டிய ஸ்வஸ்திகா வடிவக் கிணறு. பார்க்க ஆள் வருகிறது. ஆள் வரும் இடத்தில் தோப்பு வீடும் காட்டேஜும் முளைக்கும். ஓட்டல்காரரும் ஏஜெண்டும் நடுவில் இல்லாமல், வீட்டுக்காரரே போனில் படம் எடுத்து, தானே எழுதி, தானே விலை வைத்து விற்கலாம். நல்லதுதானே என்றுதான் தோன்றும். எனக்கும் இந்தத் தொழில்மேல் பகை இல்லை. பதினைந்து விழுக்காடு கமிஷனைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்காமல் ஒரு சிறிய வீட்டுக்காரர் பிழைக்கிறார் என்றால் பிழைக்கட்டும்.

ஆனால் தோழர்களே, அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே வாசலில் பெரியார் போராட்டம் அறிவித்தார். பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று இருந்தது, அது இறங்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. மாதக்கணக்கில் தொண்டர்கள் போய் நின்றார்கள், கைதானார்கள். கடைசியில் பலகை மாறியது. அரை நூற்றாண்டு கழித்து 2012இல் ஸ்ரீரங்கத்திலேயே ஓர் உணவகம் 'பிராமணாள்' என்ற சொல்லோடு திறக்கப்பட்டது, மறுபடி எதிர்ப்பு, மறுபடி போராட்டம். தெருவில் மாட்டிய பலகையை எதிர்த்துத் தெருவில் நிற்கலாம். போன் திரையில் ஓடும் பலகையை எதிர்த்து எங்கே போய் நிற்பது? அது காலையில் இருக்கும், மதியம் திருத்தப்பட்டிருக்கும். எதிரே நின்று முழக்கம் போட அதற்கு வாசலே இல்லை. இதுதான் பலகைக்காரர்களுக்குக் கிடைத்த புது வசதி.

'வெஜ் என்பது சாப்பாட்டு விஷயம், அதில் சாதி எங்கே வந்தது?' என்று உடனே ஒருவர் கேட்பார். கல்லூரி நண்பர்களே நல்ல மனதோடு கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். 'இந்தச் சமையலறையில் கறி, மீன் சமைக்க வேண்டாம்' என்பது ஒரு செயலைப் பற்றிய விதி. அதை நான் மதிப்பேன், அங்கே தங்கும் இரண்டு நாளும் தயிர்சாதம் சாப்பிடுவேன், வீட்டில் செய்வதைவிட நன்றாகவே இருக்கும். 'அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வீடு கிடையாது' என்பது மனிதரைப் பற்றிய விதி. நான் நேற்று என் வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்பது இன்று உங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பில் எப்படி ஒட்டும்? ஒட்டும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அந்த நினைப்புக்குத்தான் தீட்டு என்று பெயர். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். நூற்றில் மூன்று பேருக்கு மட்டும் வீடு என்று விளம்பரம் செய்கிறவர் வியாபாரக் கணக்குப் போட்டா செய்கிறார்? அந்த மூன்று பேர் யார் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வீட்டுக்காரருக்குச் சொல்லித்தரும் மார்க்கெட்டிங் பாடங்களில் முதல் பாடம் ஒன்று உண்டு: எல்லோருக்கும் விற்காதே, உன் விருந்தினர் யார் என்று முதலில் முடிவு செய், அவர் மொழியில் எழுது. பெருநகரத்தில் இதற்கு அர்த்தம் குழந்தைகளோடு வருகிறவர்கள், சைக்கிளில் சுற்றுகிறவர்கள், நாயோடு பயணம் போகிறவர்கள் என்று இருக்கலாம். நம் ஊருக்கு வந்ததும் அந்தப் பாடத்துக்கு ஒரே அர்த்தம்தான் ஆகிவிடுகிறது. 'உன் விருந்தினர் யார்' என்பது 'நம்மவர் யார்' என்று மாறிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. தெருவில் ஒரே சொல்தான்.

தமிழ்நாட்டில் வடிகட்டுவது கொஞ்சம் சிரமம். வடக்கே பெயரைப் பார்த்தாலே போதும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து நாம் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிக்கொண்டு வந்தவர்கள். 'ஆர்.குமார்' என்ற பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். போன மார்கழியில் எங்கள் களப்பயிற்சிக்கு வந்த ஆறு மாணவர்களுக்கு ஸ்ரீரங்கம் பக்கம் இரண்டு நாள் வீடு தேடி நான் சில இடங்களுக்குப் போன் செய்தேன். வைகுண்ட ஏகாதசி நேரம், வாடகை எகிறிக் கிடந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஓரிடத்தில் வாடகை பேசி முடித்த பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்கப்படாது, நீங்கள்லாம் வெஜ்தானே?" என்றார். "உங்க வீட்ல சமைக்க மாட்டோம்மா" என்றேன். "அதில்ல... ஆதார் காப்பியை முன்னாடியே வாட்ஸ்அப்ல போட்டுடுங்கோ, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். போட்டோம். வீடு காலியில்லை என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. காலியில்லாமலும் இருந்திருக்கலாம், சீசன்தானே. இந்தச் சந்தேகத்தின் பலன் எப்போதும் அவர்களுக்கே போகும்படிதான் இந்த முறை அமைந்திருக்கிறது.

வந்து இறங்கும்போது அடையாள அட்டை காட்டச் சொல்வது சரி. தங்குமிடம் நடத்துகிறவர் யார் வந்தார் என்று பதிவு வைக்கத்தான் வேண்டும். வீடு உண்டா இல்லையா என்று சொல்வதற்கு முன்னாலேயே எதற்கு? ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது. அப்பா பெயரிலும் சாதி இருக்கும், தெருப் பெயரில் கட்டாயம் இருக்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். அட்டையில் ஏற்கனவே அச்சாகிவிட்ட சொல் பையில்தானே இருக்கிறது.

இதைப் பார்ப்பனர் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிட்டால் பாதிப்பேர் தப்பித்துவிடுவார்கள். அக்ரஹாரத்தில் 'வெஜ்தானே' என்று கேட்கிறார்கள். ஆற்றைத் தாண்டி மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, துறையூர் என்று மேலே போனால் தோப்பு வீட்டுக்காரர் ஆட்டுக்கறியும் நாட்டுக்கோழியும் அவரே சமைத்துத் தருவார், அவருக்கு வெஜ் ஒரு பிரச்சினையே இல்லை. அவர் கேட்பது வேறு: "தம்பி சொந்த ஊர் எது? அதுல எந்தப் பக்கம்?" பிராமணாள் பலகையை எதிர்த்துப் போராடத் தெரிந்த நமக்கு, இந்த 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியை எதிர்த்துப் போராட இயக்கம் இன்னும் வாய்க்கவில்லை. கேட்கிறவர் பெரும்பாலும் பெரியார் படம் போட்ட கட்சிக்குத்தான் ஓட்டும் போடுகிறார்.

அம்பேத்கர் 1917இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்து இறங்கினார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு இடமில்லை என்றார் விடுதிக்காரர். விருந்தினரே இல்லாமல் வருமானம் இன்றிக் கிடந்த அவரும் ஒரு வழி சொன்னார்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கிக்கொள்ளலாம். நாளுக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் காலையில் பார்சிகள் ஒரு டஜன் பேர் தடியோடு வந்தார்கள். அன்று மாலைக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. ஊரில் இருந்த இரண்டு நண்பர்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், அவர்களும் இடம் தரவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறி பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற அவருடைய சிறுநூலில் இதைப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் இன்றே படியுங்கள், முப்பது பக்கம்கூட இருக்காது. அந்தப் பதிவேடும் இன்று முன்கூட்டியே கேட்கும் ஆதார் நகலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அன்றைக்குப் பொய்ப்பெயர் எழுதவாவது இடம் இருந்தது.

'என் வீடு, என் இஷ்டம்' என்பதுதான் அவர்களுடைய கடைசி வாதம். இந்த வாதத்தை அமெரிக்காக்காரன் அறுபது ஆண்டுக்கு முன்பே பேசிவிட்டான். 1964இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது விடுதிகளில் நிறபேதம் கூடாது என்று எழுதினார்கள். உடனே நாடாளுமன்றத்தில் 'திருமதி மர்ஃபி' என்று ஒரு கற்பனைப் பெண்மணியை உருவாக்கினார்கள். பாவம், அவர் தன் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார், அவரையும் கட்டாயப்படுத்தலாமா என்றார்கள். கடைசியில் உரிமையாளர் தானே குடியிருந்து ஐந்து அறைக்கு மேல் விடாத வீடுகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு கிடைத்தது.

நம் சட்டத்தில் அந்த மர்ஃபி அம்மாவுக்கு இடமில்லை. மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஓட்டலில் அனுமதி மறுப்பதை நான்காம் பிரிவில் குற்றம் என்கிறது. ஓட்டல் என்றால் எது? இரண்டாம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: சிற்றுண்டி அறை, உணவோடு தங்கும் விடுதி, தங்கும் விடுதி, காப்பிக் கடை எல்லாம் அதில் அடங்கும். ஐந்து அறைக்குக் கீழே இருந்தால் அடங்காது என்று அங்கே எழுதவில்லை. வீட்டுக்காரர் மாடியில் குடியிருந்தால் அடங்காது என்றும் எழுதவில்லை. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊருக்கெல்லாம் விலை போட்டு விற்கத் தொடங்கிய அந்த நிமிடத்தில் உங்கள் திண்ணை வீடு தங்கும் விடுதி ஆகிவிட்டது. விருந்தாளியை வீட்டுக்கு அழைப்பது உங்கள் இஷ்டம். வாடிக்கையாளரை அழைத்துவிட்டுச் சாதி பார்ப்பது குற்றம்.

ஆறாம் பிரிவு, சேவை தர மறுப்பதைப் பற்றியது. அதில் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம், நிறுத்திவைக்கலாம் என்கிறது எட்டாம் பிரிவு. ஏழாம் பிரிவு, எழுத்தாலும் குறியாலும் தீண்டாமையைத் தூண்டுவதையும் ஊக்குவிப்பதையும் குற்றம் என்கிறது, விளம்பர வரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்பது என் வாதம். எல்லாவற்றையும்விட முக்கியம் பன்னிரண்டாம் பிரிவு: பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக இந்தக் குற்றங்கள் நடந்தால், அது தீண்டாமையின் பெயரால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதற்கு எழுதிய விளக்கத்தில் வியாபாரம் செய்ய மறுப்பதும் சேவை கிடைக்காமல் தடுப்பதும் வருகின்றன. அரசியலமைப்பின் 15(2) கூறு கடை, ஓட்டல் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அதில் 'கடை' என்ற சொல்லைக் குறுக்கிப் படிக்கக் கூடாது, சேவைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று 2011இல் இந்திய மருத்துவ சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு இருந்தும் என்ன குறை? நான்காம் பிரிவின் அபராதம் நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய், சிறை ஒன்றிலிருந்து ஆறு மாதம். ஏகாதசிக்கு ஒரு ராத்திரி வாடகையில் எத்தனை அபராதம் கட்டலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்குப் பதிய வைப்பதற்குள் நமக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய தளங்கள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி வழியாக விசாரணை அனுப்பினார்கள். எல்லாம் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. கறுப்பர் பெயருக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைந்தது. கறுப்பர்கள் தங்கள் அனுபவங்களை இணையத்தில் கொட்டினார்கள், கம்பெனி 2016இல் பாகுபாட்டுக்கு எதிரான உறுதிமொழியை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது, 2018இல் முன்பதிவு உறுதியாகும்வரை விருந்தினர் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டாமல் மறைத்தது. போராடியதால் வந்த விதிகள். இங்கே நாம் யாரும் அவ்வளவு போராடவில்லை. இப்போது வீட்டுக்காரர்கள் அந்த விதியும் வேண்டாம் என்று தனி வலைப்பக்கம், வாட்ஸ்அப் எண், இன்ஸ்டாகிராம் என்று நேரடி விற்பனைக்குப் போகிறார்கள். கமிஷன் மிச்சம், கூடவே கேள்வி கேட்க ஆளும் இல்லை.

அந்த வீடுகளைக் கூட்டுவது யார்? விரிப்பு துவைப்பது, கழிவறை கழுவுவது, விருந்தினர் போன பிறகு குப்பை அள்ளுவது? நான் வேலை செய்யும் தெருக்களிலிருந்து பெண்கள் விடிகாலையில் போகிறார்கள். துடைப்பத்தோடு உள்ளே போகலாம், பெட்டியோடு போக முடியாது. கோயிலுக்குள் போகும் உரிமைக்கு 1947லேயே சட்டம் வந்துவிட்டது. பெருமாள் சன்னதிவரை போகலாம், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் திருப்பாணாழ்வார் கதையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காவிரிக் கரையிலேயே நின்றவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்ததாக அவர்களே ஆண்டுதோறும் சொல்கிறார்கள். தோள் வேண்டாம், சாவி கொடுத்தால் போதும்.

இந்தப் பக்கம் இன்னொன்றும் நடக்கிறது. நம் தெருவிலும் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள், மாடியில் ஓர் அறை போட்டவர்கள் இருக்கிறார்கள். 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்ற மத்திய சுற்றுலாத் துறைத் திட்டத்தில் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே ஒன்று முதல் ஆறு அறைவரை பதிவு செய்யலாம். 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவித்தார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் இருக்கிறது. காகிதத்தில் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா திருவெள்ளறை போகும் வழியில் இருக்கும் தன் வீட்டு மாடியைச் சுத்தமாக, அழகாகத் தயார் செய்தார். தளத்தில் போட்டார். முதலில் வட்டம்தான் காட்டும், முன்பதிவு ஆன பிறகே சரியான முகவரி தெரியும். முகவரி போன பிறகு மூன்று பேர் ரத்து செய்தார்கள். காரணம் யாரும் எழுதவில்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன், படிச்சவன், "அக்கா, தெருப் பேரை எடுத்துடுங்க, 'மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல'ன்னு போடுங்க" என்று யோசனை சொன்னான்.

அவன் யோசனையில் தந்திரம் இருக்கிறது, தப்பு என்று திட்ட எனக்கு மனசில்லை. கடன் தவணை அவர் தலையில், என் தலையில் இல்லை. ஆனாலும் வேறொரு வழியைச் சொன்னேன். 1936இல் நியூயார்க் ஹார்லெமில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு போட்டார். கறுப்பர் பயணம் போனால் எந்த ஊரில் எந்த வீட்டில் நிம்மதியாகத் தங்கலாம் என்ற பட்டியல். அதில் ஓட்டல்களைவிட முக்கியமானவை 'டூரிஸ்ட் ஹோம்' எனப்பட்ட சாதாரண வீடுகள், கறுப்பர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தவை. முப்பது ஆண்டுக்கு அந்தக் கையேடு வந்துகொண்டிருந்தது. ஒளித்து விற்கவில்லை, பெயரும் முகவரியும் போட்டு விற்றார்கள், வாங்கத் தெரிந்தவர்கள் தேடி வந்தார்கள்.

அக்காவிடம், 'அம்பேத்கர் நகர்' என்று பெரிதாகவே போடுங்கள் என்றேன். கிணறு பார்க்க வரும் வரலாற்று மாணவர்கள், கல்லூரிக் களப்பயண வண்டிகள், தூத்துக்குடியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்து 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பயந்து பஸ் ஸ்டாண்டிலேயே இரவு உட்கார்ந்திருக்கும் நம் மக்கள், இவர்கள் எல்லோரும் வாடிக்கையாளர்கள்தான். மீன்குழம்பு உண்டு என்றும் எழுதச் சொன்னேன். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்குக் காசு கிடையாது. நம் மாணவர் அமைப்புகள் ஆண்டுக்கு எத்தனை முகாம் நடத்துகின்றன, எத்தனை பேர் எங்கே தங்குகிறார்கள், அந்த வாடகை யார் கைக்குப் போகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் பார்த்திருக்கிறோமா?

திருச்சியில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஸ்ரீரங்கம் முதல் துறையூர் வரை வாடகைக்கு வரும் வீட்டு விளம்பரங்களைத் தேதியோடு படம் பிடித்துச் சேர்க்க வேண்டும். இரண்டிரண்டு பேராகப் போன் செய்து, ஒரே நாளுக்கு ஒரே மாதிரிக் கேட்டு, என்ன பதில் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். டெல்லிப் பகுதியில் வாடகை வீட்டுச் சந்தையைப் பற்றி சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இப்படித்தான் செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சுற்றுலாத் துறையிடம் போவோம். பதிவு கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாதி, மதம், உணவுப் பழக்கம் பார்த்து மறுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், முன்பதிவு உறுதியாகும் முன் அடையாள அட்டை கேட்கக் கூடாது, மீறினால் பதிவு ரத்து. மூன்றே வரி. வர விருப்பமுள்ளவர்கள் உங்கள் கல்லூரிப் பெயரையும் எந்த நாட்களில் வர முடியும் என்பதையும் எனக்கு எழுதுங்கள். மார்கழி விளம்பரங்கள் ஐப்பசியிலேயே தொடங்கிவிடும், அதற்கு முன் கூடிவிட வேண்டும். தங்குவதற்கு அக்காவின் மாடி இருக்கிறது, வாடகை கொடுத்துத்தான் தங்குவோம்.

ஜெய்பீம்.